திருப்பி அழைக்கும் உரிமையும் மயிலிட்டிப் பிள்ளைகளும்

1

தாம் தெரிந்தெடுத்த பிரதிநிதி தம்மை மறந்து நடப்பானாயின், அவனது பதவிக்காலம் முடியும்வரை காத்திராது இடையிலேயே அவனைத் திருப்பி அழைக்கும் உரிமை மக்களுக்கு உண்டா என்ற வினா புதியதன்று. 1871இல் பாரிஸ் நகரத்துத் தொழிலாளர் அமைத்த கொம்யூன், எந்தப் பிரதிநிதியையும் எவ்வேளையிலும் நீக்கலாம் என்பதைத் தன் ஆட்சியின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டது. 1903இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் இவ்வுரிமையைத் தன் சாசனத்தில் எழுதியது. 1911இல் கலிபோர்னியா மாநிலம் முழுவதும் அதனை ஏற்றது. இரயில் பாதைக் கம்பனிகளின் கைப்பிள்ளைகளாக இருந்த அரசியல்வாதிகளை அடக்குவதற்கென்று அங்கு பிறந்த உரிமை அது.

தமிழர் சிலர் இவ்விடத்து உத்தரமேரூரை நினைவூட்டுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனது உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்கின்றது. குற்றங் காணப்பட்டவனை அப்பொழுதே விலக்குமாறும் விதிக்கின்றது. பெருமைப்படத்தக்க செய்திதான். ஆயினும் குடத்தில் எவருடைய பெயர் எழுதிய ஓலை விழுந்தது என்பதையும் அக்கல்லே சொல்கின்றது. கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவன், தன் மனையில் வீடு கட்டியிருப்பவன், வேதம் கற்றவன் ஆகியோரின் ஓலைதான் விழுந்தது. உழுதவனுக்கும் மீன் பிடித்தவனுக்கும் பெண்ணுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஆகவே, எவரையும் விலக்கும் உரிமையைப் பற்றிப் பேசும்பொழுது, அவ்வுரிமை யார் கையில் இருக்கின்றது என்ற வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது முழுவதும் இவ்வொரு வினாவைப் பற்றியதே.

2

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இப்பழைய உரிமை புதிய வேகம் பெற்றது. அமெரிக்காவில் பாடசாலைகளை நடத்துபவை உள்ளூர் மக்களால் தெரிவு செய்யப்படும் பாடசாலைச் சபைகள். பாடசாலையை மூடுவதா திறப்பதா, பிள்ளைகள் முகக்கவசம் அணிவதா இல்லையா என்னும் தீர்மானங்கள் அச்சபைகளின் தலையில் விழுந்தன. எவ்வாறு தீர்மானித்தாலும் ஒரு சாரார் வெகுண்டனர். 2021ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நாடெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட சபை உறுப்பினரைத் திருப்பி அழைக்க முயற்சிகள் நடந்தன. அவற்றுட் பெரும்பாலானவை வாக்கெடுப்புவரை வந்து சேரவேயில்லை. வந்தவற்றுள்ளும் பல தோற்றன. விஸ்கொன்சின் மாநிலத்து மெக்குவன் - தீன்ஸ்வில் என்னுமிடத்தில் 2021 நவம்பரில் நால்வரை நீக்க நடந்த வாக்கெடுப்பில் நால்வருமே தப்பினர்.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததோ வேறு. அந்நகரின் பொதுப் பாடசாலைகள் 2020 மார்ச்சில் மூடப்பட்டன. சிறு பிள்ளைகள் 2021 ஏப்பிரலில்தான் வகுப்பறைக்கு மீளத் தொடங்கினர். உயர் வகுப்பு மாணவரிற் பெரும்பாலானோர்க்கு அவ்வாண்டு ஓகஸ்ட் வரை கதவு திறக்கவில்லை. இடையில், 2021 ஜனவரியில், சபையானது ஆபிரகாம் லிங்கன், ஜோர்ஜ் வாஷிங்டன் முதலியோரின் பெயர் தாங்கிய 44 பாடசாலைகளின் பெயர்களை மாற்றத் தீர்மானித்தது. அடிமை முறையோடும் ஆதிக்குடிகளின் அழிவோடும் தொடர்புற்ற பெயர்கள் வேண்டா என்பது காரணம். காரணம் பொய்யன்று. ஆயினும் வீட்டில் அடைபட்ட பிள்ளையின் பெற்றோர் கேட்ட கேள்வி எளியது: பூட்டிய பாடசாலைக்கு எந்தப் பெயர் சூட்டினால்தான் என்ன? ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் தேவைப்பட்டன. அதற்கும் மிகுதியாகவே கிடைத்தன. 2022 பெப்ரவரி 15ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் கப்ரியேலா லோபஸ், அலிசன் கொலின்ஸ், பாவுங்கா மொலிகா ஆகிய மூவரும் நீக்கப்பட்டனர். ஒவ்வொருவரையும் நீக்குவதற்கு, வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேற்பட்டோர் இசைந்திருந்தனர்.

இதனைச் சிலர் மக்களின் பெருவெற்றி என்றனர். சிலர் பிற்போக்கின் சதி என்றனர். இரண்டும் அரை உண்மைகள் என்பதே எமது கருத்து. பணக்காரர் சிலர் இம்முயற்சிக்குப் பெருந்தொகை வழங்கினர் என்பது மெய். பதிவு பெற்ற வாக்காளரில் ஏறத்தாழ 36 விழுக்காட்டினரே வாக்களித்தனர் என்பதும் மெய். அந்நாட்டின் வேறு பல இடங்களில் இதே ஆயுதத்தை எடுத்தவர்கள் முகக்கவசத்தை எதிர்த்தவர்களும், கறுப்பினத்தார் வரலாற்றை வகுப்பறையிற் கற்பிக்கலாகாது என்றவர்களுமே. ஆனால், அந்நகரத்துச் சீனக் குடியேறிகளான உழைப்பாளிப் பெற்றோர் பெருந்தொகையாக வாக்களிக்க வந்ததும் மெய்யே. சான் பிரான்சிஸ்கோவில், குடியுரிமை இல்லாத பெற்றோரும் பாடசாலைச் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என 2016இல் மக்கள் வாக்கெடுப்பில் முடிவு செய்யப்பட்டிருந்தது. உணவகத்திற் பாத்திரம் கழுவும் தாய், அந்நாட்டுக் கடவுச்சீட்டு இல்லாதவளாயினும், தன் பிள்ளையின் பாடசாலையை நடத்துபவர் யார் என்று சொல்லும் உரிமையைப் பெற்றிருந்தாள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவனே விஷயத்தை முழுமையாகப் பார்ப்பவன்.

லோவெல் என்னும் உயர்தரப் பாடசாலையிற் புள்ளி அடிப்படையில் மாணவரைச் சேர்த்த முறையை நீக்கிச் சபை குலுக்கல் முறையைக் கொண்டுவந்தமையும் சீனப் பெற்றோரின் சினத்துக்கு ஒரு காரணம். யாழ்ப்பாணத்து வாசகர் இதனைப் படித்ததும் 1970களின் தரப்படுத்தலை நினைப்பர். அந்நினைவு இயல்பானது, ஆனால் முழு ஒப்புமை ஆகாது. மொழிவாரியாகப் புள்ளிகளை வேறுபடுத்தியது அப்பட்டமான அநீதி. பின்னர் வந்த மாவட்டப் பங்கீட்டினாலோ மன்னாரும் வவுனியாவும் போன்ற பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளின் பிள்ளைகளும் பயனடைந்தனர். அதனை யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் அதிகம் பேசியதில்லை. ‘திறமை’ என்ற சொல்லுக்குப் பின்னால் எவருடைய வீட்டு விளக்கு எரிகின்றது என்று நோக்காதவரை, லோவெலையும் எம்மால் விளங்கிக்கொள்ள முடியாது. எம்மையும் விளங்கிக்கொள்ள முடியாது.

3

இனி மயிலிட்டிக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே உள்ள இக்கடற்றொழிற் கிராமத்து மக்கள் 1990 ஜூனில் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மக்கள் மல்லாகம் கோணப்புலம் முதலான நலன்புரி முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்தனர். 2017 ஜூலை 3ஆம் தேதி துறைமுகமும் அதனை அண்டிய ஐம்பது ஏக்கர் அளவிலான காணியும் விடுவிக்கப்பட்டன. ஊரின் பாடசாலையான கலைமகள் மகா வித்தியாலயத்தின் வளவு 2018இற்றான் மக்கள் கைக்கு வந்தது. அதன் பின்னரும் ஊர்க் காணியின் ஒரு பகுதி பல ஆண்டுகள் படையினரிடமே இருந்தது.

இங்கே வாசகர் சற்று நிதானித்துக் கணக்குப் பார்த்தல் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ஓராண்டும் சில மாதங்களும் பாடசாலை பூட்டியிருந்தது. மூவர் பதவி இழந்தனர். மயிலிட்டியில் ஒரு பாடசாலைக் கட்டடம் ஏறத்தாழ 28 ஆண்டுகள் அதன் பிள்ளைகளுக்குப் பூட்டியிருந்தது. எவரும் பதவி இழக்கவில்லை. பூட்டியவர் எவரென்று கேட்டால் விடை கொழும்பில் இருந்தது. கொழும்பிற் கேட்டால் ‘பாதுகாப்பு’ என்ற ஒரு சொல்லே விடையாயிற்று.

அப்பூட்டு நீங்கி இரண்டாண்டு நிறையுமுன் அடுத்த பூட்டு விழுந்தது. 2020 மார்ச் நடுப்பகுதியில் இலங்கையின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. ஜூலையிற் படிப்படியாகத் திறந்தன. ஒக்டோபரில் மீண்டும் மூடின. 2021 ஜனவரியில் மேல் மாகாணத்துக்கு வெளியே திறந்தன. ஏப்பிரல் இறுதியில் மறுபடி மூடின. 2021 ஒக்டோபர் 21இல், இருநூறுக்குக் குறைந்த மாணவருள்ள பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் முதலில் திறக்கப்பட்டன. கொள்ளைநோய் தணிந்தபின் 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தது. பாடசாலைகள் மேலும் சில வாரங்கள் மூடின.

நோய்க்கு அஞ்சிப் பாடசாலையை மூடியது தவறென்று நாம் சொல்லவில்லை. உயிர் முதலாவது. எமது குற்றச்சாட்டு வேறு. மூடியபொழுது பிள்ளையின் வீட்டில் என்ன இருக்கின்றது என்று கேட்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை என்பதே அது. கல்வி ‘சூம்’ வகுப்பாகவும் ‘வட்ஸ்அப்’ குறிப்பாகவும் ‘குருகெதர’ என்னும் தொலைக்காட்சிப் பாடமாகவும் மாறியது. கடற்றொழிலாளியின் வீட்டில் ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தகப்பன் தொழிலுக்குச் செல்கையில் அவனோடு செல்வது. மூன்று பிள்ளைகள், மூவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. டேட்டாவுக்குப் பணம் வேண்டும். பணமோ மீனிலிருந்து வரவேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அது வாரக்கணக்கில் நீடித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவியதும், நாடெங்கும் மக்கள் மீன் வாங்க அஞ்சினர், விலை வீழ்ந்தது. வலையில் மீன் விழுந்தும் கையிற் காசில்லை என்ற நிலை. அவ்வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால், ‘அக்கறையில்லாத பெற்றோர்’ என்று எழுதுவது எவ்வளவு எளிது!

அதேவேளை, யாழ்ப்பாணத்துத் தனியார் கல்வி நிலையங்கள் திரைக்கு மாறிக்கொண்டன. பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் அறைக்குள்ளேயே வந்தார். பெருந்தொற்று எல்லோரையும் சமமாகத் தாக்கியது என்று சொன்னவர்கள், புலமைப் பரிசிற் பரீட்சைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் இவ்விரு பிள்ளைகளும் ஒரே வினாத்தாளுக்கே விடை எழுதினர் என்பதை மறந்தனர்.

இத்தீர்மானங்களை எடுத்தவர் யாவர்? கல்வி அமைச்சு கொழும்பில். நோய்த் தடுப்பு நடவடிக்கைக்கான தேசிய நிலையத்தின் தலைவர் அந்நாளைய இராணுவத் தளபதி. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் கல்வியின் பெரும்பகுதியை மாகாணங்களுக்குக் கையளித்தது என்பர். ஆனால் 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பெருந்தொற்றுக் காலம் முழுவதும் அச்சபைக்குத் தேர்தல் இல்லை. ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநரும் அதிகாரிகளுமே மாகாணக் கல்வியை நடத்தினர். 2025 மே மாதம் தேர்தல் நடந்த பிரதேச சபைகளுக்கோ பாடசாலை மீது அதிகாரம் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உண்டே எனலாம். அதன் தலைவர் அப்பாடசாலையின் அதிபரே. அவர் மேலதிகாரியின் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டவர். மதில் கட்டவும் விளையாட்டுப் போட்டிக்குப் பணம் திரட்டவும் பெற்றோரை அழைக்கும் அச்சங்கத்தில், பாடசாலையை என்று திறப்பது என்று கேட்கப் பெற்றோருக்கு அதிகாரம் இல்லை.

ஆகவே மயிலிட்டிப் பெற்றோர் எவரைத் திருப்பி அழைப்பது? அழைப்பதற்கு ஆள் வேண்டுமே! தெரிவு செய்யாத ஒருவரை எங்ஙனம் நீக்குவது?

கேட்டவர்களுக்கு நேர்ந்ததையும் நாடு கண்டது. 2021 ஜூலையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்த இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் தோழர்களும் கைது செய்யப்பட்டனர். பிணை கிடைத்தபின்னும் ‘தனிமைப்படுத்தல்’ என்ற பெயரில் முல்லைத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நோய்த் தடுப்புச் சட்டம் வாய்த் தடுப்புச் சட்டமாயிற்று. அம்மாதம் 12ஆம் தேதி ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். சம்பள முரண்பாட்டுக்கான அப்போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. அதன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் அப்போராட்டத்தில் ஏழைப் பெற்றோரும் ஆசிரியரும் ஓரணியில் நிற்க ஒரு பொது மன்று இருக்கவில்லை என்பது எமக்குப் பெரும் குறையாகத் தோன்றுகின்றது. அத்தகைய மன்று இல்லாத இடத்தில், ஆசிரியருக்கு எதிராகப் பெற்றோரைத் தூண்டிவிடுவது ஆட்சியாளருக்கு எளிதாகின்றது.

4

எமது நாட்டுக் கல்வி வரலாற்றை நோக்கின், இக்குறை தற்செயலானதன்று என்பது புலனாகும். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் மிஷனரி முகாமையாளர் கையிலும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் கையிலும், தனிப்பட்ட முகாமையாளர் கையிலும் இருந்தன. அவை செய்த நன்மை பெரிது. கிராமந்தோறும் எழுத்து சென்றது அவற்றால். ஆனால் ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் முகாமையாளரின் சித்தம். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்ற கட்டளை வந்தபொழுது, அதனை எதிர்த்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பெரியோர் பலர். பாடசாலைகள் சில தீக்கிரையாயின. வாங்கில் ஏறியமர்ந்த பிள்ளையைக் காண்பதிலும் வாங்கு எரிவதைக் காண்பது நன்றென்று எண்ணிய சமூகம் அது. நிலத்தில் இருந்த பிள்ளையின் தகப்பனுக்கு முகாமையாளரை விலக்கும் உரிமை இருந்திருப்பின், வரலாறு வேறாயிருக்கும்.

1945இன் இலவசக் கல்வி ஒரு கதவைத் திறந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றது. முற்போக்காளர் அதனை ஆதரித்தனர், ஆதரித்தது சரியே. மதத்தையும் சாதியையும் பார்த்து ஆசிரியரை நியமித்த ஆட்சி அதனால் தளர்ந்தது. ஆயினும் முகாமையாளரின் கையிலிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம் கிராமத்தின் கைக்கு வரவில்லை. 1956இல் ‘சிங்களம் மட்டும்’ என்று சட்டமியற்றிய அரசின் கைக்கே சென்றது. பழைய எசமான் அயல் வீதியில் இருந்தான். அவன் படலையிற் போய்க் கேட்கவாவது முடிந்தது. புதிய எசமான் சுற்றறிக்கையில் இருக்கின்றான்.

மேலிருந்து நீக்குதல் வேறு. கீழிருந்து நீக்குதல் வேறு. 2025 ஜூனில் கனடாவின் ஒன்ராரியோ அரசு, பணக் கணக்கைக் காரணங்காட்டி ரொறன்ரோ உள்ளிட்ட சில கல்விச் சபைகளைத் தான் நியமித்த மேற்பார்வையாளரின் கீழ்க் கொண்டுவந்தது. மக்கள் தெரிந்த உறுப்பினர் ஓரங்கட்டப்பட்டனர். ரொறன்ரோவில் எமது மக்கள் பெருந்தொகையினர் வாழ்கின்றனர்; அச்சபையில் தமிழர் உறுப்பினராய் இருந்துள்ளனர். சான் பிரான்சிஸ்கோவில் வாக்காளர் நீக்கினர். ரொறன்ரோவில் அமைச்சர் நீக்கினார். இரண்டும் நீக்கமே எனினும் முன்னதில் மக்கள் வளர்கின்றனர். பின்னதில் மக்கள் சிறுக்கின்றனர். மயிலிட்டியிலோ நீக்குவதற்கு எவருமில்லை. மக்கள் வெறுமனே காத்திருக்கின்றனர்.

எனவே நாம் வேண்டுவது யாது? அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடுவது அன்று. பணமுள்ளவன் கையொப்பம் சேர்க்கும் ஆளை வாடகைக்குப் பிடிக்கும் நாட்டில் அவ்வுரிமை எவ்வாறு வளைகின்றது என்பதைக் கண்டோம். ஆனால் வளைகின்றது என்பதற்காகக் கோலையே எறிந்துவிடுவாரும் இல்லை. பெற்றோரும் ஆசிரியரும் உயர் வகுப்பு மாணவரும் தெரிவு செய்யும் ஒரு கல்விச் சபை ஒவ்வொரு கோட்டத்துக்கும் வேண்டும். காணியில்லாதவனுக்கும் முகாமில் வாழ்பவனுக்கும் வேறு ஊரிற் பதிவுள்ள இடம்பெயர்ந்தவனுக்கும் அதில் வாக்கு வேண்டும்; பிள்ளை எங்கே படிக்கின்றதோ அங்கே பெற்றோருக்கு உரிமை உண்டு என்பதே அளவுகோலாதல் வேண்டும். சபை கணக்குக் காட்டவேண்டும். காட்டாதவரைத் திருப்பி அழைக்க வழி வேண்டும். அடுத்த நோய் வரும்பொழுது, எந்த வீட்டிற் கைத்தொலைபேசி இல்லை, எந்த மரத்தடியிற் பத்துப் பிள்ளைகளை இடைவெளி விட்டு இருத்திப் படிப்பிக்கலாம் என்பதை அறிந்தவர் தீர்மானிக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய சபை அமையின், மீண்டும் உயர் சாதியினரும் உத்தியோகத்தரும் அதனைக் கைப்பற்றிக்கொள்வர் என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் நியாயமானது. உத்தரமேரூரின் குடம் எமது கோயிற் பரிபாலன சபைகள் பலவற்றில் இன்றும் உடையவில்லை. மயிலிட்டிக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரத்தின் வாயிலில் 1968இல் ஆலயப் பிரவேசத்துக்காக நடந்த போராட்டத்தை எவர் மறப்பர்? ஆனால் அப்போராட்டமே எமக்குப் பாடமும் ஆகும். மூடிய வாயிலைத் திறந்தது மேலிடத்துக் கருணையன்று. வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிடிவாதமே.

இறுதியாக எமது எழுத்தாளருக்கு ஒரு சொல். ஈழத்து முற்போக்கு இலக்கியம் கிணற்றையும் தேநீர்க் கடையையும் கோயில் வாயிலையும் கதைக்குள் கொண்டுவந்து தமிழுக்குப் புதிய இரத்தம் பாய்ச்சியது. பெருந்தொற்று எமது எழுத்தில் எவ்வாறு பதிந்துள்ளது? தனிமையைப் பாடிய கவிதைகள் பெருகின. இலண்டனையும் ரொறன்ரோவையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே திரையில் இணைத்த இலக்கியச் சந்திப்புகள் பெருகின. அவை தீயவையல்ல. ஆனால் அத்திரையில் முகம் தெரியாத பிள்ளை ஒன்று உண்டு. தகப்பன் கடலால் வரும்வரை தொலைபேசிக்குக் காத்திருந்து, வகுப்பு முடிந்தபின் குறிப்பை மட்டும் பார்த்து எழுதிய பிள்ளை அது. இரண்டாண்டில் எழுத்துக்கூட்டி வாசிப்பதையே மறந்து, பின் வெட்கத்தாற் பாடசாலையை விட்டு வள்ளத்தில் ஏறிய பிள்ளை அது. அதன் கதை எமது சஞ்சிகைகளில் அரிதாகவே காணப்படுகின்றது.

அமெரிக்கப் பெற்றோரின் சினம் வாக்காக மாறியது. எமது பெற்றோரின் சினம் பெருமூச்சாகவே கரைகின்றது. பெருமூச்சை வாக்காக்குவது அரசியலின் கடன். பெருமூச்சுக்கு முதலில் மொழி கொடுப்பது இலக்கியத்தின் கடன். கலைமகள் வித்தியாலயத்தின் கதவை இருமுறை பூட்டக் கண்ட மக்கள், மூன்றாம் முறை எவரும் தம்மைக் கேளாது அதனைப் பூட்ட விடலாகாது. அதற்கான உரிமையைக் கேட்டு எழும் குரலில் எமது எழுத்தாளரின் குரலும் சேரட்டும்.